அரைப்பேரா, முழுப்பேரா?

(இலங்கை மலையகத்தின் அட்டனில் பொங்கலுக்கு நடந்த பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: பழைய காலத்து ஸ்னூக்கர் வீரர்களில் பெரியவர் யார்? ஜோ டேவிஸா, ரே ரியர்டனா, ஸ்டீவ் டேவிஸா? நான் பேசியது ரியர்டன் அணிக்காக, இரண்டாவதாக.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில உக்காந்து என்னையப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டு இருக்கிற தம்பி, தங்கச்சி, இந்தக் குளிருல கம்பளியச் சுத்திக்கிட்டு வந்திருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, கதவோரத்துல நின்னுக்கிட்டு உள்ள வரலாமா வேணாமான்னு யோசிக்கிற இளந்தாரிப் பிள்ளைங்களே, எல்லாருக்கும் பொங்கல் வணக்கம்.

தம்பி ஜோ டேவிஸுக்காகப் பேசிட்டுப் போயிட்டாரு. நல்லாப் பேசுனாரு. நான் அவரை எதிர்த்துப் பேசுறதுக்கு முந்தி ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். நான் எதிர்க்கப் போறது தம்பியை மட்டும் இல்ல, எங்க தாத்தாவையும். தாத்தா ஜோ டேவிஸ் கட்சி.

தாத்தா டிக்கோயா பக்கம் ஒரு துரைமார் கிளப்புல மார்க்கரா இருந்தவரு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மார்க்கர்னா எழுதுற பேனா. அப்போ மார்க்கர்னா பில்லியர்ட்ஸ் அறைக்குப் பொறுப்பான ஆள். துரைமார் ஆடுவாங்க, இவரு சுவத்தோரம் நின்னு புள்ளி சொல்லணும், பொக்கெட்டுல விழுந்த பந்தை எடுத்து வைக்கணும், கியூவை, அதாவது பந்து அடிக்கிற கோலைத் துடைக்கணும். எல்லாத்தையும் விட முக்கியமான வேலை, மேசைக்கு ஸ்திரிக்கை பெட்டி போடுறது. பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம், அடியில சிலேட்டுக் கல் பலகை, மேல பச்சைக் கம்பளித் துணி. நம்ம மலை ஈரத்துல அந்தத் துணி தண்ணி குடிச்சிடும். பந்து ஓடாது, நடக்கும். அதனால மத்தியானம் மூணு மணிக்குத் தாத்தா கரி போட்ட பெட்டியை ஊதி ஊதிச் சூடாக்கி, முதல்ல கன்னத்துக்கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாரு. அப்புறம் வெள்ளைப் பந்து நிக்கிற பக்கம் தொடங்கி, கறுப்புப் பந்து நிக்கிற பக்கம் வரைக்கும் ஒரே இழுப்பு. திரும்பி வரும்போது பெட்டியைத் தூக்கிக்கிட்டுத்தான் வரணும். துணியில இருக்கிற மயிர் அந்தப் பக்கமாத்தான் படுத்திருக்கும். எதிர்ப்பக்கம் இழுத்தா பந்து கோணப் போயிடும்.

தாத்தாவுக்கு இங்கிலீசுல நூத்தி நாப்பத்தேழு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதுக்கு மேல தேவைப்படல, ஸ்னூக்கர்ல வழக்கமா ஒருத்தர் ஒரே மூச்சுல எடுக்கக்கூடிய உச்சப் புள்ளி அதுதான். சிவப்புக்கு ஒரு புள்ளி, கறுப்புக்கு ஏழு; பதினஞ்சு சிவப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கறுப்பு, அது நூத்தி இருபது. அப்புறம் ஆறு வண்ணப் பந்துக்கு இருபத்தேழு. முடிஞ்சது கணக்கு. அந்தக் கிளப்புல நாப்பதைத் தாண்டி எண்ண வேண்டி வந்ததே அபூர்வம்னு சொல்லிச் சிரிப்பாரு.

அந்த அறைச் சுவத்துல ஒரு படம் தொங்குச்சாம். கறுப்பு கோட்டு, வாரிவிட்ட தலை, கையில கியூ. ஜோ டேவிஸ். துரைமாருக்கு அவரு சாமி. துரைக்குச் சாமின்னா மார்க்கருக்கும் சாமிதானே. தாத்தா சாகிற வரைக்கும் அப்படித்தான் சொன்னாரு.

இப்ப தம்பியோட வாதத்துக்கு வர்றேன். 1927ல தொடங்கி 1940 வரைக்கும் வருசா வருசம், யுத்தம் முடிஞ்சு 1946ல ஒண்ணு, மொத்தம் 15 உலகப் பட்டம், உலகப் போட்டியில ஒரு தடவை கூடத் தோக்கல. இப்படித் தம்பி சொன்னதும் கைதட்டல் கூரையைப் பிடுங்குச்சு. நானும் தட்டுனேன். கணக்கு சரி.

ஆனா நடுவர் ஐயா, நாம தோட்டத்து ஆளுங்க. கணக்கைப் பார்த்தா தராசையும் பார்ப்போம். இங்க இருக்கிற அம்மாமாருக்கு நான் விளக்க வேணாம். மலைக்கு ஏறிப்போய் மழையில நனைஞ்சு கொழுந்து எடுத்து வந்தாலும், சொன்ன கிலோ வந்தாத்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். வராட்டி அரைப்பேர். செக்ரோல்ல, அந்தச் சம்பளப் பதிவுல, அப்படித்தான் விழும்.

இப்ப 1931ஆம் வருசத்து உலகப் பட்டத்தை எடுப்போம். உலகம்னு பேரு. போட்டிக்கு எத்தனை பேர் பேர் கொடுத்தாங்க தெரியுமா? ரெண்டு பேர். ஒரு ஆள் ஜோ டேவிஸ், இன்னொரு ஆள் டொம் டெனிஸ். ஆட்டம் எங்க? நொட்டிங்ஹாம்ல, அந்த டொம் டெனிஸோட சொந்த பப்புக்குப் பின்னால இருந்த அறையில! 1934லயும் ரெண்டே பேர், ஜோவும் டொம் நியூமனும். நேரா இறுதியாட்டம். நடுவர் ஐயா, நீங்க முந்திப் பள்ளிக்கூட அதிபரா இருந்தவரு. ரெண்டே பிள்ளைங்க எழுதுன பரீட்சையில முதலாம் பிள்ளைக்கு என்ன பரிசு குடுப்பீங்க? இதை முழுப்பேர்ல போடுறதா, அரைப்பேர்ல போடுறதா?

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு ஜோவைச் சொல்ல வரல. அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். அவரு உண்மையான சர்க்கரைதான். பில்லியர்ட்ஸ்தான் பெரிய விளையாட்டு, ஸ்னூக்கர் சும்மா பொழுதுபோக்குன்னு எல்லாரும் நினைச்ச காலத்துல, இதுக்கு ஒரு உலகப் போட்டி வேணும்னு ஓடித் திரிஞ்சவரே அவருதான். முதல் வருசம் ஜெயிச்சு அவருக்குக் கிடைச்சது ஆறு பவுண் பத்து ஷில்லிங். ஒரு பந்தை விழுத்தும்போதே அடுத்த பந்துக்கு வெள்ளை எங்க வந்து நிக்கணும்னு யோசிச்சு ஆடுற ஆட்டத்தை உலகத்துக்குக் காட்டுனவரு அவரு. 1955ல, அம்பத்து மூணு வயசுல, லண்டன்ல 147 அடிச்சப்போ அதுதான் அங்கீகாரம் கிடைச்ச முதல் 147. அந்த வயசுல நம்மாளு பென்சனைப் பத்திக் கதைச்சுக்கிட்டு இருப்பாரு. வீட்டைக் கட்டுனவரு ஜோ டேவிஸ். அதுக்காகக் காலமெல்லாம் கும்பிடலாம். ஆனா வீட்டைக் கட்டுனவரும், அந்த வீடு பாழடைஞ்சு கிடந்த காலத்துல உள்ள பூந்து விளக்கேத்துனவரும் ஒரே ஆள் இல்ல.

பாழடைஞ்சுதான் கிடந்துச்சு. 1957க்கு அப்புறம் ஏழு வருசம் உலகப் போட்டியே நடக்கல. 1964ல மறுபடி தொடங்குனாலும் அப்ப சாம்பியனா இருந்த ஜோன் புல்மனை ஒவ்வொருத்தரா சவாலுக்குக் கூப்பிட்டு ஆடுனதுதான் போட்டி. 1969லதான் பல பேர் மோதித் தோத்து வெளிய போற முறை திரும்பி வந்துச்சு. அதே வருசம் பிபிசி வர்ணத் தொலைக்காட்சியைக் காட்டுறதுக்கு ஒரு விளையாட்டுத் தேடி, பந்தெல்லாம் கலர் கலரா இருக்கிறதால ஸ்னூக்கரைப் பிடிச்சாங்க. அந்த நிகழ்ச்சியில முதல் வருசம் ஜெயிச்சது யாரு? ரே ரியர்டன்.

இங்க கொஞ்சம் நிப்பாட்டி ஒரு விசயம். மண்டபத்துக்குள்ள வரும்போது ஒரு ஐயா கேட்டாரு, "ஏன் தம்பி, கொழுந்துக் காட்டுக்கும் இந்த வெள்ளைக்காரன் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" நல்ல கேள்வி. ஐயா, இது இங்கிலாந்துல பொறந்த விளையாட்டே இல்ல. 1875ல இந்தியாவுல ஜபல்பூர்ல, மழைக்கு வெளிய போக முடியாம அடைஞ்சு கிடந்த பட்டாளத்து ஒபீசர்மார், நெவில் சேம்பர்லின்னு ஒரு சின்ன ஒபீசர் சொன்ன யோசனையில தொடங்குனது. அதுக்குச் சட்டதிட்டம் எழுதி ஒட்டுனது எங்க? ஊட்டி கிளப்புல. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல கப்பலேறிப் போன நம்ம சனத்துல எத்தனை குடும்பம் இன்னைக்கு அந்த நீலகிரி மலையில தேயிலை எடுத்துக்கிட்டு இருக்கு! எங்க சித்தப்பா குடும்பமும் அதுல ஒண்ணு. இந்த விளையாட்டு வெள்ளைக்காரன்து, ஆனா அதை வளர்த்த மலை நமக்குச் சொந்தக்கார மலை. இன்னொண்ணு, 1973ல பம்பாயில உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வாங்கி வந்தது நம்ம நாட்டு லாபீர். அது பில்லியர்ட்ஸ், இன்னைக்குத் தலைப்பு ஸ்னூக்கர், அதனால அவரை இந்தச் சண்டைக்குள்ள இழுக்கல. ஆனா பேரைச் சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது.

சரி, ரியர்டன்.

வேல்ஸ்ல ட்ரெடிகர்னு ஒரு ஊர். மலை, மழை, சுரங்கம். 1932ல பொறந்தவரு, பதினாலு வயசுல நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள இறங்குனாரு. நம்ம பிள்ளைங்க பதினாலு வயசுல பேர் பதிஞ்சு மலைக்குப் போன காலம் இருந்துச்சே, அதே கதை. ஒரே வித்தியாசம், அவரு கையில வெள்ளை உறை போட்டுக்கிட்டுக் கரி வெட்டுனாரு. ஏன்னா ராத்திரிக்குக் கியூ பிடிக்கணும். பக்கத்துல வேலை செஞ்சவங்க எவ்வளவு கேலி பண்ணிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. ஆனா அந்தக் கையோட 1950ல இருந்து தொடர்ந்து ஆறு வருசம் வேல்ஸ் அமெச்சூர் சாம்பியன்.

அப்புறம் குடும்பம் ஸ்டோக் பக்கம் போச்சு. அங்கயும் சுரங்கம். ஒரு நாள் மேல இருந்து பாறை சரிஞ்சு ஆள் உள்ள மாட்டிக்கிட்டாரு. மூணு மணித்தியாலம். அசைய முடியாது. மூச்சை மட்டும் விடலாம்.

மண்ணுக்குள்ள மூணு மணித்தியாலம்னா என்னன்னு இந்த மலையில நான் யாருக்கும் விளக்க வேணாம். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்த மண்சரிவுன்னு சொன்னாப் போதும்.

ரியர்டன் உள்ள என்ன செஞ்சாரு? தம்பியோட கோலிக்குண்டு விளையாடுனாரு. மனசுக்குள்ள. ஒரு குண்டு, அடுத்த குண்டுன்னு மூணு மணித்தியாலமும் ஆட்டத்தை நிறுத்தாம ஆடிக்கிட்டே இருந்தாரு. வெளிய எடுத்தப்போ உயிர் மட்டும் இல்ல, புத்தியும் அப்படியே இருந்துச்சு. அதுக்கப்புறம் சுரங்கத்தை விட்டுட்டுப் பொலிஸ்ல சேர்ந்தாரு. 1967லதான் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனாரு. அப்ப வயசு முப்பத்தஞ்சு கிட்ட. நம்ம ஊர்ல முப்பத்தஞ்சு வயசுல ஒருத்தன் பொலிஸ் வேலையை விட்டுட்டு மேசை அடிக்கப் போறேன்னு சொன்னா, பொண்டாட்டி பொட்டியைக் கட்டிடும்.

முதல் உலகப் பட்டம் 1970ல, புல்மனை 37க்கு 33 ஃப்ரேம்னு ஜெயிச்சு; ஒரு ஃப்ரேம்னா ஒரு தனி ஆட்டம். அப்புறம் 73, 74, 75, 76ன்னு வரிசையா நாலு. கடைசியா 78. மொத்தம் ஆறு. முதல் பட்டம் வாங்கும்போது வயசு முப்பத்தேழு, கடைசிப் பட்டத்துக்கு நாப்பத்தஞ்சு. தங்கச்சியோட ஸ்டீவ் டேவிஸ் முதல் பட்டம் வாங்கும்போது இருபத்து மூணு.

இதுல 1975ஐ மட்டும் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பார்ப்போம். போட்டி அவுஸ்திரேலியாவுல. எதிர்ல எட்டி சார்ள்டன், அந்த மண்ணோட சொந்தப் பிள்ளை. 31 ஃப்ரேம் யாருக்கு முதல்ல வருதோ அவருக்குப் பட்டம். ரியர்டன் 23க்கு 21ன்னு முன்னுக்கு நிக்கிறாரு. அங்க இருந்து சார்ள்டன் தொடர்ந்து எட்டு ஃப்ரேம் அடிக்கிறாரு. 29க்கு 23. இன்னும் ரெண்டே ரெண்டு. நம்மாளுங்களா இருந்தா அந்த நேரத்துல எழும்பி பஸ்ஸுக்குப் போயிருப்போம். ரியர்டன் போகல. ஒண்ணு எடுத்தாரு. இன்னொண்ணு எடுத்தாரு. இப்படியே ஏழு. 30க்கு 29, இவரு முன்னுக்கு! சார்ள்டன் சும்மா விடல, அடுத்ததை எடுத்து 30க்கு 30. அறுபது ஃப்ரேம் ஆடி முடிச்சு ரெண்டு பேரும் சமன். கடைசி ஃப்ரேமை எடுத்தது ரியர்டன்.

எனக்கு அந்த ஏழு ஃப்ரேமைப் பத்தி நினைச்சா கோலிக்குண்டுதான் ஞாபகம் வருது. இது என் அபிப்பிராயம், ஆதாரம் கேக்காதீங்க.

ஸ்னூக்கர்ல பந்து விழுத்துறது பாதி, எதிராளிக்குப் பந்தை மறைச்சு வைக்கிறது மீதி. கெரம் ஆடுறவங்களுக்குப் புரியும், ராணியை நம்மால எடுக்க முடியாட்டி அடுத்தவன் எடுக்க முடியாத மூலையில தள்ளி வைக்கிறோமே, அது மாதிரி. ரியர்டன் அதுல ராசா. பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய்ப் பச்சைக்குப் பின்னால ஒளிச்சிடுவாரு. அந்தச் சிரிப்புக்கும் வாரிவிட்ட தலைக்கும்தான் டிராகுலான்னு பேர் வச்சாங்க. அந்த வித்தை கிழவனோட சேர்ந்து செத்துப் போகல. 2004ல, எழுபது வயசு தாண்டுன ரியர்டன்கிட்டத்தான் ரொனி ஓ'சலிவன் பாடம் கேட்டாரு. பந்து விழுத்துறதுல ஓ'சலிவனை விடப் பெரிய கொம்பன் இல்ல. அவருக்கே மறைச்சு வைக்கிற ஆட்டம் பத்தல. அந்த வருசம் பட்டம் ஓ'சலிவனுக்கு. 2022ல ரியர்டனோட "வயசான உலக சாம்பியன்" சாதனையை உடைச்சது யாரு? அதே ஓ'சலிவன், நாப்பத்தாறு வயசுல. அந்தச் சாதனை நாப்பத்து நாலு வருசம் நின்னுச்சு. உடைச்சவனும் வெளியாள் இல்ல, அவரு கைபட்ட பிள்ளைதான்.

1978ல ஒரு காட்சி இருக்கு. ஜோ டேவிஸோட தம்பி ஃப்ரெட் டேவிஸ், அறுபத்து நாலு வயசுல, ஷெஃபீல்ட்ல உலகப் போட்டி அரையிறுதி ஆடுறாரு. பார்வையாளர் வரிசையில அண்ணன் ஜோ. தம்பி தோக்குறதைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஜோவுக்குச் சுகமில்லாமப் போச்சு. அந்த வருசம் ஜூலை மாசமே காலமாயிட்டாரு. ஃப்ரெட்டைத் தோக்கடிச்ச பெரி மான்ஸை இறுதியாட்டத்துல 25க்கு 18ன்னு தோக்கடிச்சது ரியர்டன். தன்னோட பதினஞ்சு பட்டத்துல ஒண்ணைக் கூட இப்படி டீவி விளக்குக்கு அடியில ஆட ஜோவுக்கு வாய்க்கல. அது அவரு குத்தம் இல்ல. ஆனா தராசுன்னு ஒண்ணு இருக்கே.

தம்பி எழும்பிக் கேப்பாரு, "ஜோவோட அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதானே?" ஆமா. சுரங்கத்துல இருந்து வந்து பப் நடத்துனவரு. ஜோ வளர்ந்தது பப்புல இருந்த பில்லியர்ட்ஸ் மேசையில. அப்பா சுரங்கத்துல இருந்தது வேற, தானே உள்ள கிடந்தது வேற.

இப்ப திரும்பவும் எங்க தாத்தாகிட்ட வர்றேன், நடுவர் ஐயா, மணியில கை வைக்காதீங்க. தாத்தா பெட்டி போட்டு முடிச்சதும், துணி சரியா இருக்கான்னு பார்க்கிறேன்னு ஒரு சாக்குல, வெள்ளையையும் ஒரு சிவப்பையும் மட்டும் எடுத்து அஞ்சு நிமிசம் அடிச்சுப் பார்ப்பாராம். ஒரு நாள் கதவுக்கிட்ட ஒரு சின்னத்துரை நிக்கிறாரு. ஏசல, அடிக்கல. ஒரு சொல் சொல்லல. மறுநாள் போனா பந்துப் பெட்டிச் சாவி பாருக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் தாத்தா அங்க எத்தனையோ வருசம் மேசைக்குப் பெட்டி போட்டாரு. ஒரு பந்தை அடிக்கல. ஜோ டேவிஸ் படத்துத் தூசியை மட்டும் கிழமைக்கு ஒருக்காத் தட்டுனாரு.

அவரு ரியர்டன் பேரையே கேள்விப்பட்டதில்ல. கரி வெட்டுன கூலிக்காரன் ஒருத்தன் உலக சாம்பியன் ஆயிட்டான்னு எந்தத் துரை வந்து மார்க்கருக்குச் சொல்லுவாரு?

மணி அடிச்சிட்டீங்க. ஒரே ஒரு நிமிசம். அடுத்து வரப்போற தங்கச்சிக்கு ஒரு சொல். ஸ்டீவ் டேவிஸ் எட்டு இறுதியாட்டம் ஆடி ஆறு ஜெயிச்சவரு. டீவியில முதல் 147 அவரு அடிச்சது. எல்லாம் ஒத்துக்கிறேன். நான் ஃபெக்டரியில டீமேக்கரா இருந்தவன், நல்ல தூளைப் பார்த்தாச் சொல்லிடுவேன். ஆனா நீங்க இங்க வந்து, 1985 அரையிறுதியில ஸ்டீவ் ரியர்டனை 16க்கு 5ன்னு அடிச்சாருன்னு சொல்லப் போறீங்க. கையில பேப்பர்ல எழுதி வச்சிருக்கிறது எனக்கு இங்க இருந்தே தெரியுது. தாராளமாச் சொல்லுங்க. பக்கத்துல ரியர்டனுக்கு அப்ப வயசு அம்பத்து ரெண்டுன்னும் எழுதிக்குங்க. அதுக்கு மூணு வருசத்துக்கு முந்தி, அம்பது வயசுல, இருபது வயசு ஜிம்மி வைட்டை இறுதியாட்டத்துல 10க்கு 5ன்னு தோக்கடிச்சுத் தரவரிசைப் போட்டி ஒண்ணை ஜெயிச்சாருன்னும் எழுதிக்குங்க. உங்க ஸ்டீவ் அம்பது வயசுல என்ன ஜெயிச்சாருன்னு மட்டும் இந்தச் சபைக்குச் சொல்லிட்டு உக்காருங்க. வணக்கம்.